பதினைந்தில் நான்காவது பிரதி

1

“மாமா, இந்தப் படத்துக்குப் பதினஞ்சுக்கு நாலு மார்க்குதானா?”

என் மகள் அபிதா ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, சேலையூரில் என் நண்பர் கஸ்தூரிரங்கன் வீட்டுக் கூடத்தில் நின்று கேட்டது இது. படத்தின் கீழே பென்சிலால் 4/15 என்று எழுதியிருந்தது. இந்தக் கதை அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். உயர்ந்த சிந்தனை எதிலிருந்தும் வரவில்லை.

கஸ்தூரிரங்கன் குனிந்து, பொறுமையாக விளக்கினார். “மார்க் இல்லடா கண்ணா. செப்புத் தகட்டுல கீறி, மை தடவி, மொத்தமே பதினஞ்சு பிரதிதான் எடுத்திருக்கா. இது நாலாவது. அப்புறம் அந்தத் தகட்டு மேலயே குறுக்கே கோடு கிழிச்சுட்டா. இனிமே யாராலயும் எடுக்க முடியாது.”

“ஏன் மாமா? மை தீந்துடுத்தா?”

அவர் பதில் சொல்வதற்குள் காபி வந்துவிட்டது.

2

முதலில் கதையை இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘1988ஆம் ஆண்டு, அதிகாரத்தின் நிழல் தாம்பரத்தின் மீது…’

அடித்துவிட்டேன். தாம்பரத்தின் மீது அன்று விழுந்துகொண்டிருந்தது விமானப்படையின் பயிற்சி விமானங்களின் நிழல் மட்டும்தான்.

அடுத்தது: ‘கஸ்தூரிரங்கன் ஒரு கல்நெஞ்சக்…’

இதுவும் பொய். கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்தி வாசலில் விடுகிறவர் அவர். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அதிகாரி. சனிக்கிழமை தவறாமல் பெருமாளைச் சேவிக்கத் திருநீர்மலை ஏறுகிறவர். அப்படிப்பட்டவர் வீட்டுச் சுவரில் லத்தி, பூட்ஸ், காலி நாற்காலி, கண் கட்டிய முகம். ‘அதிகாரம்’ என்ற வரிசையில் மொத்தம் ஆறு அச்சுப்படங்கள். ஆறையும் சேர்த்து வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

“வர்றவா எல்லாம் செருப்பை வாசல்ல விட்டுட்டு, உள்ள வந்து பூட்ஸைப் பாக்கறா” என்பார் அவர் மனைவி சாவித்ரி.

3

அபிதா மார்க் கேட்ட படத்தில் ஒருவன் தரையில் குந்தி, கைகளைத் தலைமேல் வைத்திருக்கிறான். சுற்றிலும் பூட்ஸ் கால்கள். முகம் மட்டும் நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறது.

அந்த முகம் சவுரிமுத்துவுடையது. வண்டலூரில், இந்தப் படங்களைச் செய்த ஓவியர் சாம்பசிவன் வைத்திருந்த கொட்டகையில் அச்சு இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றுகிறவன். படத்துக்காக உட்கார்ந்தவனும் அவனே. தன் முகத்தைத் தானே பதினைந்து முறை அச்செடுத்தவனும் அவனே. ஒரு பிரதிகூட அவனுக்கு என்று ஆகவில்லை.

(சாம்பசிவனையும் கஸ்தூரிரங்கனையும் ‘அவர்’ என்கிறேன்; சவுரிமுத்துவை ‘அவன்’ என்கிறேன். கவனித்தீர்களா? இது அதிகாரத்தைப் பற்றிய கதை வேறு. திருத்திக்கொள்கிறேன்.)

அவர் மீது, சவுரிமுத்து மீது, எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இவ்வளவு சிரித்த முகமாக ஒருவர் இருந்திருப்பாரா, நான்தான் பூசிவிட்டேனா? ஆனால் இது சாம்பசிவனே சொன்னது: பக்கத்து உயிரியல் பூங்காவில் சிங்கம் கர்ஜித்ததும், தகடு கீறிக்கொண்டிருந்த தன் ஊசி வழுக்கிவிட்டதாம். “அது சோத்துக்குக் கத்துது சார். உன் படத்துக்கு இல்ல. நீ வரை” என்றாராம் சவுரிமுத்து, தலைமேல் வைத்த கையை எடுக்காமலே.

4

ஒரு ஐப்பசி மழையில் அந்தப் படத்தைக் கொண்டுவந்து சேர்த்தவரும் சவுரிமுத்துதான். பஸ் ஓடவில்லை. வண்டலூரிலிருந்து சேலையூர் வரை நடை. பிளாஸ்டிக் தாளின் மேல் தன் சட்டையையும் கழற்றிச் சுற்றியிருந்தார்.

“படம் நனையல சார். நான்தான் குளிச்சிட்டேன்.”

கஸ்தூரிரங்கன் படத்தை விளக்கடிக்குக் கொண்டுபோய் ஈரம் பார்த்தார். மூலைகளைப் பார்த்தார். திரும்பி வந்தபோது வாசலில் யாருமில்லை. சட்டை மட்டும் நாற்காலியில் கிடந்தது. சாவித்ரி அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பீரோவில் வைத்தார்.

“ஒரு துண்டு குடுக்கத் தோணலையே உங்களுக்கு” என்று மட்டும் சொன்னார்.

[இந்த மழையில் காய்ச்சல் கண்டு சவுரிமுத்து இறந்தார் என்று எழுதினால் கதை கனக்கும். எழுத மாட்டேன். அவரைச் சுற்றி ஏற்கெனவே போதுமான பூட்ஸ் நிற்கிறது. அவர் இறந்தது இரண்டு வருடம் கழித்து, ஜி.எஸ்.டி. ரோட்டில், லாரி மோதி.]

5

முதல் வருட நினைவுப் பூசைக்கு முன்னால் அவர் மனைவி செல்வமேரி சேலையூருக்கு வந்தார்.

“வூட்ல அவரு போட்டோ ஒண்ணுகூட இல்ல சார். கண்ணாலத்துல எடுத்தது எண்பத்தஞ்சு வெள்ளத்துல பூட்சி. சின்னதுக்கு அப்பா மூஞ்சியே மறந்துகினு வருது. இத்த ஒரு நாளைக்குக் குடு சார். மெழுகுவத்தி கொளுத்திட்டுப் பத்திரமா தந்துடறேன்.”

“இதுல அவரை அடிக்க வர்ற மாதிரின்னா இருக்கு.”

“அதுக்கு இன்னா சார்? பூட்ஸு கீற எடத்துல பூ வச்சி மறச்சிட்டா போச்சு.”

கஸ்தூரிரங்கன் பதறிவிட்டார். பூட்ஸ்தானே படத்தின் கருத்து! மேலும், ஆறு படமும் பம்பாயில் ஒரு கண்காட்சிக்குப் போகவிருந்தன. முழு வரிசையையும் காப்பாற்றியவர் என்று கேட்லாக்கில் அவர் பெயர் வரவிருந்தது. மெழுகுப் புகை பட்டால்?

“ஜெராக்ஸ் எடுத்துத் தரேம்மா” என்றார்.

(ஸ்டுடியோவில் போட்டோ பிடிக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றியது. ஆனால் பதினைந்துக்கு மேல் கூடாது என்பது அவருக்கு ஒரு விரதம். ஜெராக்ஸ் கலையில் சேராது. அதனால் விரதம் முறியாது.)

ஜெராக்ஸில் முகம் முழுக்கக் கறுப்பாகிவிட்டது. செல்வமேரி அதை வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

“பூட்ஸு நல்லா வந்துகீது சார்” என்றார்.

கேலி இல்லை. இவ்வளவு சிரமப்பட்டவரிடம் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று சொன்னது. மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

6

முடிவு, ஒன்று: சாம்பசிவன் கோடு கிழித்த தகட்டிலேயே இன்னொரு பிரதி எடுத்துத் தருகிறார். முகத்தின் மேல் விழுந்த கோடுகள் செல்வமேரிக்குச் சிலுவையாகத் தெரிகின்றன. கைதட்டல் கிடைக்கும். ஆனால் ஆண்டவன் இவ்வளவு மலிவாகக் குறியீடு செய்வதில்லை. (தவிர, சக்கரம் சுற்றவும் ஆளில்லை.)

முடிவு, இரண்டு: படம் பம்பாய் போகிறது. அங்கே வன்முறையைப் பற்றி நல்ல ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். இங்கே செல்வமேரி வெறும் சுவரின் முன்னால் மெழுகுவத்தியை…

கை வரவில்லை. இந்த முடிவை உலகமே தினமும் எழுதிக்கொண்டிருக்கிறது. அதற்கு நான் வேறு எதற்கு?

7

எனக்கு உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம்தான். பம்பாய்க்கு ஐந்து படங்களே போயின. கேட்லாக்கில் கஸ்தூரிரங்கன் பெயர் இல்லை. அடுத்த முறை நாங்கள் போனபோது கூடத்துச் சுவருக்கு ஐந்தும் திரும்பி வந்திருந்தன; ஆறாவதன் இடத்தில் நிறம் மங்காத ஒரு சதுரம் இருந்தது. அபிதா வாயைத் திறக்குமுன் சாவித்ரி அவள் கையில் முறுக்கைத் திணித்தார். பீரோவில் இருந்த சட்டையும் காணோம் என்று என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னாராம். எங்கே என்று கணவரிடம் அவர் கேட்கவில்லை.

மீதி என் கற்பனை. ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டலூரில் செல்வமேரியின் தெருவே பூசைக்காகக் கோயிலில் இருக்கிறது. கஸ்தூரிரங்கன் கையில், இஸ்திரி போட்ட ஒரு சட்டையில் சுற்றிய, தட்டையான பொட்டலம். செல்வமேரி வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருக்கிறது. அவர் செருப்பை வெளியே கழற்றுகிறார்.

இங்கேதான் சிக்கல். யாரும் பார்க்கக் கூடாது என்றே அவர் இந்த நேரத்தில் வந்திருக்கிறார். நானோ பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் தோளுக்குப் பின்னால் நீங்கள். பெருமாள் பார்த்தால் பரவாயில்லை, அவர் கதை எழுதுவதில்லை.

நான் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டுவிட்டேன். நீங்களும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள். அவர் உள்ளே போகட்டும்.