கழுத்து வரைக்கும் மூடாக்கு

மரத்தின் கழுத்தை மூடாதீர்கள் என்று சனிக்கிழமை தவறாமல் தொண்டை கிழியக் கத்துகிறேன். யார் காதிலாவது ஏறுகிறதா? மினசோட்டாவில் இருக்கிற எங்கள் மரத்தோட்டத்துக்குச் சம்பளமில்லாமல் உழைக்க வருகிறவர்கள் நல்ல மனுஷர்கள்தான். காபி குடிப்பார்கள், டோனட் தின்பார்கள், ஒருத்தர் மூட்டுவலியை இன்னொருத்தர் விசாரிப்பார்கள். அப்புறம் மண் காயாமலிருக்கப் பரப்புகிற மரச்சில்லு மூடாக்கை வண்டி வண்டியாகத் தள்ளிக்கொண்டு போய் அடிமரத்தைச் சுற்றிக் கோபுரமாகக் குவித்துவிட்டு, "அழகா இருக்கா ஜோலீன்?" என்று என்னிடமே கேட்பார்கள். அழகாம் அழகு! கழுத்து என்றால் வேர் பிரிகிற இடம், அதற்குக் காற்று வேண்டும். ஈரச்சில்லு அங்கே அப்பிக் கிடந்தால் பட்டை அழுகிப்போகும். மேலே பச்சையாகத்தான் தெரியும், கீழே மரம் செத்துக்கொண்டிருக்கும்.

வெர்னா ஹால்வர்சனும் சனிக்கிழமைக்காரிதான். அவள் மகன் கர்ட்டிஸ் நினைவாக ஏரிக்கரையில் ஒரு மேப்பிள் மரம் நட்டிருந்தோம். குடித்துவிட்டு வந்தால் கதவு திறக்கமாட்டேன் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். ஒரு ஜனவரி ராத்திரி குடித்துவிட்டு வந்தான். அவளும் சொன்னபடி திறக்கவில்லை. காலையில் வாசற்படியிலேயே உறைபனிக் குளிரில் விறைத்துச் செத்துக் கிடந்தான். ஊருக்கே தெரியும், அவள் முன்னால் யாரும் வாய் திறப்பதில்லை.

அவள் வந்ததும் நேரே அந்த மேப்பிளுக்குத்தான் போவாள். குவிப்பாள். நான் ஒதுக்கிவிடுவேன். நான் அந்தப் பக்கம் நகர்ந்ததும் மறுபடி குவிப்பாள்.

"கழுத்து வெளிய தெரியணும், வெர்னா."

"சரி, சரி. குளிருமேன்னு பார்த்தேன்."

குளிருமே என்கிறவளிடம் என்னத்தைக் கத்துவது?

இந்த வசந்தத்தில் பாதிக் கிளை துளிர்க்கவே இல்லை. என்னோடு வேலை பார்க்கிற டுவேனும் நானும் சில்லைத் தோண்டிப் பார்த்தோம். பட்டை நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி கையோடு வந்தது. சுற்றிலும் அழுகல். அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றுவிட்டு ரம்பம் எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். திரும்பி வந்தால் வெர்னா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள், டுவேன் அவள் தோளைத் தடவிக்கொண்டிருக்கிறான்.

"போன குளிரு ரொம்பக் கொடுமை, வெர்னா. அதான் தாங்கல. உங்க மேல தப்பே இல்ல."

அவனைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"அறிவிருக்காடா உனக்கு? வேற பொய்யே கிடைக்கலையா? பூச்சின்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! போயும் போயும் அவகிட்டயா குளிருங்கிற?"

"வாயில வந்துடுச்சு, ஜோலீன். அப்ப மரத்தை நீங்கதான் கொன்னீங்கன்னு அவங்ககிட்டயே சொல்லச் சொல்றியா? நீ போய்ச் சொல்லு, பாப்போம்."

நானும் போகவில்லை. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்த யாரும் போயிருக்கமாட்டார்கள்.

பழைய மரத்தை வெட்டிவிட்டுப் பக்கத்திலேயே புது மேப்பிள் கன்று வைத்தோம். அடுத்த சனிக்கிழமை எல்லோரும் காபிக்குப் போனபிறகு அங்கே போனேன். வெர்னா மண்டியிட்டிருந்தாள். சில்லு அவள் மார் உயரத்துக்கு நின்றது. அதற்கு மேலே கன்றைச் சுற்றி ஒரு நீலக் கம்பளி. கர்ட்டிஸ் கட்டிலில் கிடந்ததாம்.

"போன தடவை பத்தாமப் போச்சு. இந்தத் தடவை இவனைக் குளிர விடவே மாட்டேன், ஜோலீன்."

பேசாமல் போனால் இந்தக் கன்றும் சாகும். அதற்கடுத்ததையும் இதே கையால் கொல்லுவாள், ஒவ்வொன்றுக்கும் குளிரைத் திட்டி அழுவாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அது குளிர்ல சாகல, வெர்னா. டுவேன் உங்க மனசுக்காகச் சொன்னான். சில்லு மூடி மூடிப் பட்டை அழுகிடுச்சு."

அவள் கம்பளியின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் போர்த்துனதுதானா?"

"ஆமா."

அழவில்லை. கம்பளியை அவிழ்த்து மடித்தாள். கையாலேயே சில்லைத் தள்ளினாள், வேர் பிரிகிற இடம் தெரிகிறவரைக்கும். நான் கை கொடுக்கப் போனேன், விடவில்லை.

"அவனுக்குப் போர்த்தல, செத்தான். இதுக்குப் போர்த்துனேன், செத்துது. எதை எப்பச் செய்யணும்னே எனக்குத் தெரியல பாரு."

அவளுக்கு ஒரு காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம் அவள் மண்வெட்டியைத் தொடவில்லை. சனிக்கிழமைகளில் வந்து எல்லோருக்கும் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போவாள். கன்று நன்றாகப் பிடித்துக்கொண்டது. முதல் பனி கொட்டிய அன்று ஏரிப்பாதையில் அவளைப் பார்த்தேன். கன்றுக்கு இருபதடி தள்ளி, கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள்.

"பக்கத்துல போங்களேன், வெர்னா. ஒண்ணும் ஆகாது."

"வேணாம்மா," என்றாள். "நான் இங்கயே நின்னுக்கிறேன். அதுக்கு அதான் நல்லது."