டெலியாவின் நிறங்கள்

உருளைக்கிழங்கு மசியலைச் சாப்பிடாமல் டெலியா தட்டில் மலை கட்டிக்கொண்டிருந்தாள். கரண்டியின் முதுகால் ஓர் ஓரத்தை அழுத்திப் பள்ளமாக்கினாள். நடுவில் மேடு விட்டு, அதன் அடிவாரத்தில் பச்சைப் பட்டாணிகளை ஒவ்வொன்றாக வைத்தாள்.

"சாப்பாட்டுல விளையாடாதடி" என்றாள் அம்மா டான்யா.

"விளையாடலம்மா. இது கடலடியில இருக்கிற மேற்குப் பார், அந்தப் பாறைத் திட்டு. அப்பா சிங்கி இறால் பிடிக்கிற கூட்டை எல்லாம் பாருக்கு மேல இறக்குறாரு. சிங்கி மேல ஏறாது. இந்த விளிம்போட நடந்து போகும். பட்டாணி இருக்குல்ல, அங்கதான் இறக்கணும்."

அப்பா லெலண்ட் கார்வர் வாய் நிறைய ரொட்டியோடு சிரித்தான். "எங்கப்பன் காலத்துலேர்ந்து அங்க கூடு போடுறோம். நீ பட்டாணியை வச்சு எனக்குப் பாடம் எடுக்குறியா?"

சிரித்தானே தவிர, மறுநாள் காலையில் படகை விளிம்புப் பக்கம் ஒதுக்கி நாலைந்து கூடுகளை இறக்கிப் பார்த்தான். மறுபடி தூக்கும்போது கூட்டுக்குக் கூடு சிங்கி இறால் வாலை அடித்துக்கொண்டு வந்தது. படகில் கூட வேலை செய்யும் ரஸ்ஸி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: "அண்ணே, நாளைக்கும் உருளைக்கிழங்கு செய்யச் சொல்லுங்க அண்ணிய. கிழக்குப் பார் இன்னும் பாக்கி இருக்கு."

அமெரிக்காவின் மெய்ன் கரையில் ஹாஸ்கல் துறை சின்ன ஊர். பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடம் படிக்கும்போதே மாணவர் உரிமம் வாங்கிச் சொந்தமாகச் சில கூடுகள் போடலாம். ஐந்தாம் வகுப்பு டெலியாவுக்கும் இருந்தன. கூடு கடலடியில் கிடக்கும். அதன் கயிற்று நுனியில் மேலே ஆடுகிற மிதவையின் நிறத்தை வைத்துத்தான் இன்னாருடையது என்று தெரியும். ஒருவருடைய நிறம் இன்னொருவருக்கு வராது. அந்த ஊரில் ஆளைத் தெரியாதவர்கள் உண்டு, அவன் நிறத்தைத் தெரியாதவர்கள் கிடையாது.

லெலண்டின் நிறம் வெள்ளையும் பச்சையும். அதையே வைத்துக்கொள் என்று சொன்னதற்கு டெலியா கேட்கவில்லை. ஊதா அடித்து, மேலே மஞ்சள் பட்டை, அதற்குள் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. மற்ற பிள்ளைகள் காகிதத்தில் பெயர் எழுதிப் பழகிய வயதில் இவள் பெயர் எழுதினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வந்து நிற்கும். மிதவையில் மட்டும் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. படகில் போகும்போது தூரத்தில் ஊதா தெரிந்தால், "அதோ நான்!" என்று கத்துவாள்.

பள்ளிக்கூடத்தில்தான் அந்த டெலியாவைக் காணோம். எழுத்து அவளுக்கு நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஒரு வரியைக் கடப்பதற்குள் வியர்த்துவிடும். பக்கத்துப் பிள்ளை பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டால் இவளும் திருப்பிவிடுவாள். "கவனம் போதாது, வீட்டுல உக்கார வச்சுப் படிக்க வைங்க" என்று வகுப்பு டீச்சர் சொன்னார். டான்யா உட்கார வைத்தாள். கண்ணீர்தான் மிச்சம்.

ஆண்டுக் கடைசியில் பள்ளியில் வாசிப்பு மாலை என்று ஒன்று நடக்கும். ஊரே வரும். வீட்டுக்கு வீடு மீன் சூப்பும் நீலபெர்ரிப் பலகாரமும் கொண்டுவந்து வைப்பார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரு கதையை ஆளுக்கொரு பக்கமாகச் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். "டெலியாவுக்கு மட்டும் விலக்குக் குடுக்க முடியாது, கூச்சம் போகட்டும்" என்றார் டீச்சர்.

அந்த வாரம் முழுக்க டெலியா அம்மாவை அவளுடைய பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் விடவில்லை. கேட்டுக் கேட்டு அட்சரம் பிசகாமல் நெஞ்சில் ஏற்றிக்கொண்டாள்.

மேடையில் அவளுக்கு முன்னால் நின்ற பையன் உற்சாகத்தில் தன் பக்கத்தோடு நிற்காமல் அடுத்த பக்கத்தையும் சேர்த்து வாசித்துவிட்டான். அது டெலியாவின் பக்கம். தன் முறை வந்ததும் அவள் புத்தகத்தை விரித்து, நிமிர்ந்து நின்று, தெளிவான குரலில், தங்குதடை இல்லாமல், அவன் சற்றுமுன் வாசித்து முடித்ததையே மறுபடி சொன்னாள். சொல்லச் சொல்ல முன்வரிசையில் முதலில் முணுமுணுப்பு, பிறகு சிரிப்பு. அவளுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. கடைசி வரி வரை சொல்லி முடித்துவிட்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

"படிக்கவே இல்ல பாரு, கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்குது!" என்றார் யாரோ.

பின்னாலிருந்து டுவைட் என்பவன், லெலண்டோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாக இருந்தவன், லெலண்டின் தோளைத் தட்டினான். "மச்சான், சந்தேகமே வேண்டாம். உன் பொண்ணுதான்!"

ஹால் அதற்கும் சிரித்தது. லெலண்டுக்குக் காது சுட்டது. அவனுக்கும் எழுத்து வராது. சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்து படகில் ஏறியவன் அவன். காகிதம் எல்லாம் டான்யா பார்ப்பாள். கையெழுத்து என்று கேட்டால் கண்ணாடியை மறந்துட்டேன் என்பான். இத்தனை வருஷமாக மூடி வைத்ததை மகள் மேடையில் நின்று திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

டிரக்கில் வீடு வந்து சேர்ந்தார்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு லெலண்ட் கேட்டான்: "படிக்க முடியலன்னா முடியலன்னு சொல்லியிருக்கலாம்ல? ஊரை ஏமாத்தி நிக்கணுமா?"

"முடியலன்னுதான்ப்பா சொன்னேன். வருஷம் பூரா சொன்னேன்."

"என்னை மாதிரி ஆயிடாதடின்னு தலையால அடிச்சுக்குறேன். உனக்குக் கடல் இருக்குன்னு தைரியம். அதான் எழுத்து ஏற மாட்டேங்குது. ஒழுங்கா வாசிக்கிற வரைக்கும் உனக்குக் கடல் கிடையாது."

கோடையெல்லாம் அவள் சமையலறை மேசையில் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே படகுகள் போவதும் வருவதும் தெரியும். அவள் கூடுகளை லெலண்ட் கரையேற்றிக் கொட்டகையில் அடுக்கியிருந்தான். எழுத்து ஏறவில்லை. சும்மா கிடக்கிற கூடுகளைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு எரிச்சல் ஏறியது. அதுகள் கண்ணில் படும் வரைக்கும் இவள் புத்தி அங்கேதான் இருக்கும் என்று நினைத்தான். ஒருநாள் அவற்றைத் தன் கூடுகளோடு சேர்த்துவிடப் பச்சைப் பெயின்ட் டப்பாவையும் வெள்ளை டப்பாவையும் திறந்தான்.

ரஸ்ஸி பதறிவிட்டான். "அண்ணே, என்ன செய்றீங்க? அடுத்தவங்க நெறத்தைத் தொடுறது இந்தத் துறையில வழக்கமே இல்லியே. செத்தவன் நெறத்தைக்கூட யாரும் எடுத்துக்க மாட்டோம்."

"என் மக. என் வீட்டுக் கூடு. உன் வேலையப் பாரு."

"மகதான், யாரு இல்லன்னா? அவளுக்கும் ஒரு நெறம் இருக்குல்ல."

லெலண்ட் தூரிகையை டப்பாவில் முக்கினான். ஒவ்வொரு மிதவையாக எடுத்து ஊதாவின் மேல் வெள்ளை அடித்தான். நிழல் விழுந்தது, திரும்பினால் டெலியா நின்றுகொண்டிருந்தாள். அழுவாள், கத்துவாள், டப்பாவைத் தட்டிவிடுவாள் என்று அவன் தயாராக இருந்தான். எதிர்த்துப் பேசினால் சொல்வதற்கு நாலு வார்த்தைகூட வைத்திருந்தான்.

அவள் காய வைத்திருந்த ஒன்றைக் குனிந்து பார்த்தாள்.

"இன்னொரு தடவை அடிங்கப்பா" என்றாள். "இல்லாட்டி உப்புத் தண்ணி பட்டுப் பட்டு ஊதா வெளிய தெரியும்."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவளிடம் எந்தத் தொந்தரவும் இல்லை. தட்டில் வைத்ததை வைத்தபடி தின்றாள். படி என்றால் புத்தகத்தை விரித்தாள். கேட்டதற்குப் பதில், கேட்காததற்கு ஒன்றுமில்லை. "பொண்ணு அடங்கிடுச்சு" என்று லெலண்ட் டான்யாவிடம் சொன்னான். டான்யா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "அடங்கல, அணைஞ்சிருக்கா" என்றாள்.

இலைகள் சிவக்கிற பருவத்தில் பள்ளிக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். பெயர் திபடோ. கரையோரப் பள்ளிகளுக்கெல்லாம் பழைய காரில் போய், படிக்கத் திணறும் பிள்ளைகளைத் தனியாகப் பார்ப்பவர். சில நாள் டெலியாவோடு உட்கார்ந்திருந்துவிட்டு, தாய் தகப்பன் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலிகளில் அவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள்.

"உங்க பொண்ணு சோம்பேறி இல்ல, மக்கும் இல்ல" என்றார் திபடோ டீச்சர். "அவளுக்கு இருக்கிறது டிஸ்லெக்சியா. எழுத்தையும் அதோட சத்தத்தையும் சேர்க்கிற வேலை அவ மூளைக்குக் கஷ்டம். அறிவுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. இன்னும் அதட்டினா வராது. சத்தம் சத்தமாப் பிரிச்சு, மணல்ல விரலால எழுதி, மெதுவா, திரும்பத் திரும்பச் சொல்லிக் குடுத்தா வரும். பரீட்சையில கூடுதல் நேரம் குடுக்கணும். பாடத்தைக் காதால கேக்க வைக்கணும். ஊர் முன்னால நிக்க வச்சு வாசிக்கச் சொல்லவே கூடாது."

டான்யா முகத்தைப் பொத்திக்கொண்டாள். "ஒரு பக்கத்தை முழுசா மனப்பாடம் பண்ணினா மேடம். அப்பவே எங்களுக்குப் புரிஞ்சிருக்கணும்."

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா? பெரும்பாலும் வழிவழியா வரும்."

லெலண்ட் தன் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். டான்யா அவனைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது அவன் என்று விட்டுவிட்டாள். "எனக்கு" என்றான் லெலண்ட். "எனக்கும் அப்படித்தான். சோம்பேறின்னாங்க. நானும் சோம்பேறின்னே நெனச்சுட்டேன்."

டீச்சர் தலையாட்டினார். அவர் குரல் இன்னும் மெதுவாயிற்று. "இந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒண்ணு ரொம்ப நல்லா வரும். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது, ஆனா இருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மத்ததுல தாக்குப் பிடிப்பாங்க. டெலியாகிட்ட கேட்டேன், உனக்கு எதும்மா நல்லா வரும்னு. ஒண்ணும் வராதுங்கிறா. ரெண்டு மூணு நாள் மாத்தி மாத்திக் கேட்டுட்டேன். நீங்க சொல்லுங்க. அவளுக்கு எது நல்லா வரும்?"

லெலண்டுக்குச் சொல்ல நிறைய இருந்தது. கடலடியைக் கண்ணால் பார்த்தது போலச் சொல்வாள் என்று சொல்ல வேண்டும். நாங்கள் தலைமுறையாகப் போட்ட இடம் தப்பு என்று பட்டாணி வைத்துக் காட்டினாள் என்று சொல்ல வேண்டும். கூட்டுக்குள் கட்டுகிற வலையைப் பின்னுவதை ஒரு தடவை பார்த்தால் போதும் அவளுக்கு என்று சொல்ல வேண்டும். ஒன்றும் வெளியே வரவில்லை.

"இருந்துச்சு மேடம்" என்றான். "நான்தான் வெள்ளை அடிச்சிட்டேன்."

அன்றைக்குச் சாயங்காலமே கொட்டகைக்குப் போய் மிதவைகளைச் சுரண்டினான். விரல் தோல் உரிய உரியச் சுரண்டி, கடை கடையாக அலைந்து அதே ஊதாவை வாங்கி, மஞ்சள் பட்டையும் கறுப்புக் கோடும் போட்டு, காய்ந்ததும் மகளைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"கோடு நேரா வந்திருக்குப்பா. நல்லா அடிச்சிருக்கீங்க."

"உனக்குத்தான்டா கண்ணு. அப்பா தப்புப் பண்ணிட்டேன். நாளைக்குப் போலாமா?"

அவள் மிதவையை இருந்த இடத்தில் வைத்தாள். "வேணாம்பா. கோவம் இல்ல. எனக்கு எங்க போடணும்னு தெரியல இப்ப. கண்ணை மூடினா முன்ன தெரியும். இப்ப ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

குளிர்காலம் முழுக்க அவள் திபடோ டீச்சரிடம் மணலில் எழுத்துப் பழகினாள். காதில் ஹெட்போன் மாட்டிக் கதை கேட்டாள். ஒருநாள் மாலை தானாகவே புத்தகத்தை எடுத்துவந்து, விரல் வைத்து, நிறுத்தி நிறுத்தி ஒரு பக்கத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். டான்யா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். இந்த ஒரு பக்கத்துக்காகத்தான் அத்தனையும் செய்தான் லெலண்ட். அதைக் கேட்கும்போது அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

வசந்தத்தில் கூடுகள் கடலுக்குப் போகும் நாள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஆரஞ்சு ரப்பர் உடுப்போடு துறையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். லெலண்ட் மகளின் அறை வாசலில் நின்று, "வர்றியாடா?" என்றான்.

"நீங்க போயிட்டு வாங்கப்பா" என்றாள் டெலியா, ஜன்னல் பக்கம் திரும்பாமலே.

துறையில் ரஸ்ஸி கூடுகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் முகமும் சரியில்லை. "என் பையனுக்கும் படிப்பு ஏற மாட்டேங்குதுண்ணே. டீச்சரம்மா நேத்து கூப்பிட்டுச் சொன்னாங்க. எந்நேரமும் தாத்தாவோட பழைய என்ஜினைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். இன்னிக்குப் போனதும் ஸ்பானர் பெட்டியைத் தூக்கிப் பரண்ல வச்சுப் பூட்டப் போறேன். அப்பவாவது புத்தகத்தைத் தொடுறானான்னு பாப்போம்."

லெலண்ட் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான். கிட்டே வந்து ரஸ்ஸியின் இரண்டு தோளையும் பிடித்தான். பிடியில் வலி தெரிந்தது.

"பூட்டாதடா. நான் சொல்றேன், பூட்டாத. அவனை முதல்ல அந்தத் திபடோ டீச்சர்கிட்ட கூட்டிட்டுப் போ. எழுத்து இன்னிக்கு வரலன்னா நாளைக்கு வந்துரும், என் பொண்ணுக்கு வந்துருச்சு. ஆனா எனக்கு ஒண்ணு நல்லா வரும்னு நிமிர்ந்து நிப்பா பாரு ஒரு பிள்ளை, அந்த நிமிர்வு போனா திரும்பி வருமான்னு எனக்குத் தெரியலடா. நானும் தினம் வாசல்ல நின்னு கூப்பிட்டுத்தான் பாக்குறேன்."

ரஸ்ஸி தூக்கிய கூட்டைக் கீழே வைத்தான். லெலண்ட் தோளை விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, துறையில் நின்ற மற்ற தகப்பன்களுக்கும் கேட்கும்படியாகச் சொன்னான்:

"பிள்ளைக்கு எது வரலையோ, அதுக்குக் கை குடுங்க. எது வருதோ, அதுல மட்டும் கை வைக்காதீங்க."