சுரண்டிய கைப்பிடி

தென்காசியில் சுடலைக்கண்ணு ஆசாரி செய்த கதவென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அந்தப் பேர்தான் மனிதருக்குத் தலைக்கேறியிருந்தது.

1936-ஆம் வருஷத்துச் சாரல் காலத்தில் குற்றாலத்து மங்களேஸ்வரி ஆச்சி அவரை வரச்சொன்னார். காலமான கணவர் குத்தாலிங்கம் பிள்ளையின் பழைய கைத்துப்பாக்கி ஆச்சியிடம் இருந்தது. சுடமுடியாதபடி செய்து, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளச் சர்க்கார் அனுமதித்திருந்தது. ஈரத்தில் அதன் மரக்கைப்பிடி பூசணம் பூத்துவிட்டது.

"பூசணத்த மட்டும் துணியால தொடச்சி, துளி எண்ணெ போடுங்க. மரத்துல கை வைக்காதிய" என்றார் ஆச்சி.

மரத்தைப் பற்றி ஒரு பொம்பளை சொல்லி நான் கேட்கவா என்று ஆசாரிக்கு இளக்காரம். பட்டறைக்கு வந்ததும் கைப்பிடியின் இரண்டு மரத்துண்டுகளையும் கழற்றினார். பழைய கதவுக்குச் செய்வதைப்போலக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்தார். கை அழுக்கோடு ஏதோ ஒரு கீறலும் போயிற்று. எண்ணெய் போட்டதும் மரம் பளபளத்தது. மறுநாள் பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினார்.

ஆச்சி வாங்கி விரலால் தடவினார். திருப்பித் தடவினார்.

"இங்கன ஒரு 'ம' இருந்துச்சே! அவுக ஒரு நாளும் என்னயப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. கல்யாணமான வருசம் பேனாக்கத்தியால இதுல கீறி வச்சாக."

தேய்த்தெடுத்த கீறல் ஆசாரிக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டு கரையான்மேல் பழியைப் போட்டது.

"உள்ள செல்லு அரிச்சிருந்துச்சு ஆச்சி. சுரண்டாமத் தீராது."

"சாரல் அடிக்கிற சன்னல் பக்கத்துல வச்சது நாந்தான். அவுக எழுத்த நானே செல்லுக்குக் குடுத்துட்டனே!" ஆச்சி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகைக்கு நடுவிலும், மிச்சத்தையாவது காப்பாற்றிக் கொடுத்தீர்களே என்று ஆசாரிக்கு நன்றி சொன்னார்.

ஆசாரி வாசல்வரை நடந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆக்கிவிட்டோமே என்று உடம்பெல்லாம் கூசியது. அதற்குமேல் கால் நகரவில்லை. திரும்பிவந்து, தோள்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"செல்லு இல்ல ஆச்சி. நல்ல வைரம் பாஞ்ச மரம். நீங்க சொல்லியும் கேக்காம நாந்தான் சுரண்டித் தொலச்சேன். பொய்யும் சொன்னேன்."

வசவு விழும் என்று காத்திருந்தார். விழவேண்டும் என்றுகூட ஆசைப்பட்டார்.

ஆச்சியின் அழுகை நின்றது. "நெசமாவா? அப்ப நான் கெடுக்கலயே?"

"இல்ல ஆச்சி."

ஆச்சியின் முகம் தெளிந்தது. "நல்லவேள சொன்னிய" என்று ஆசாரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

செருப்பால் அடித்திருந்தால் ஆசாரி தாங்கியிருப்பார்.