வடக்குச் சுவரின் மூச்சு

1967ஆம் வருஷம் ஐப்பசியில், காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில், நெல் வியாபாரி அப்பாண்டை நயினார் வீட்டு வடக்குச் சுவர் மூச்சு விட ஆரம்பித்தது. சுவரில் படர்ந்திருந்த கறுப்புப் பூசணம் ஒரு விரற்கடை உப்பும், பிறகு அடங்கும். அந்த வருஷம் பதினெட்டு நாள் விடாமல் மழை. நெசவுத் தெருக்களில் பாவு நூல் விரிக்க முடியவில்லை, தீக்குச்சி பற்றவில்லை. அதோடு சேர்த்து இதுவும் ஒன்று என்று ஊர் விட்டுவிட்டது. பயந்து நடுங்கியவள் அப்பாண்டையின் மனைவி தயாவதிதான். சுவர் மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் அவளுடைய ஆறு வயது மகள் திரிசலாவுக்கு மூச்சு கிடைக்கவில்லை. பிள்ளை தோளைத் தூக்கித் தூக்கி இழுத்தது, உதடு நீலம் பாரித்தது. பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். சுவர் அங்கிருந்தும் அவள் மூச்சை இழுத்தது. மறுநாளே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

காஞ்சிபுரத்து டாக்டர் ஊசி போட்டார். பூசணம்தான் பிள்ளைக்கு ஆகவில்லை, ஈரம் எங்கிருந்து வருகிறதென்று பார்த்து அதை நிறுத்துங்கள் என்றார். கூரை ஓடுகளைப் பிரித்துப் பார்த்ததில் ஒழுகல் இல்லை. வெள்ளையடிக்கும் வீரபத்திரன் வாளி நிறையச் சுண்ணாம்போடு வந்து நின்றான்.

“கொழந்தைக்கு வேண்டிய காத்தைத்தான் இது இஸ்துக்கினு இருக்குது, நைனாரே. ரெண்டு கை சுண்ணாம்பு போட்டா செத்துடும்.”

அப்பாண்டை குறுக்கே நின்றார். சமணர் வீட்டில் பூசணமும் உயிர்தான். வராமல் தடுக்கலாம், வந்தபின் கொல்லக்கூடாது. அப்பளத்திலும் ஊறுகாயிலும் பூசணம் பிடிக்காமல் கண்ணும் கருத்துமாகக் காத்த குடும்பம், சுவரைக் கோட்டை விட்டிருந்தது. அவர் கல்நெஞ்சர் இல்லை. மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆனால் சுண்ணாம்பை மட்டும் உள்ளே விடவில்லை.

“எம் பொண்ணு மூச்சு நின்னுச்சின்னா, அந்த வாளிய நானே ஊத்துவேன். அப்புறம் பாவம் புண்ணியம்னு எங்கிட்ட பேசாதீங்க,” என்றாள் தயாவதி. வீரபத்திரனை வாசலிலேயே இருக்கச் சொன்னாள்.

மதியம் வடக்குச் சுவரோரக் கொடியிலிருந்து துணியை எடுக்கப் போனவளின் கையிலிருந்து அதைச் சுவர் வெடுக்கென்று இழுத்தது. அது தண்ணீர் வடிகட்டும் துணி. குடிநீரை வடிகட்டியதும் துணியைக் கிணற்றிலேயே அலசி, அதில் தங்கிய உயிர்களை வந்த இடத்துக்கே அனுப்புவது அவர்கள் வழக்கம். அப்படியும் ஏதாவது ஒட்டியிருந்தால் வெயிலில் கருகுமே என்று தயாவதி அதை அறைக்குள் காயப்போடுவாள். விட்டில் பூச்சி விளக்கில் விழாதிருக்கச் சாயங்காலமே ஜன்னலையும் சாத்திவிடுவாள். துணியின் நுனியைச் சுவர் கன்றுக்குட்டியைப் போலச் சப்பிக்கொண்டிருந்தது. 

“நானேதான் இதுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்திருக்கேன்,” என்றாள்.

துணிகளை வெளியே போட்டாள், ஜன்னல்களைத் திறந்தாள். அன்றைக்கு வெயிலும் வந்தது. மூன்றாம் நாள் சுவர் காய்ந்தது. அப்போதுதான் யாரும் நினைக்காதது நடந்தது. பூசணம் ஈரம் தேடிச் சுவரை விட்டு இறங்கி, தரையில் ஊர்ந்து, பாயில் கிடந்த திரிசலாவின் ஈர வாயை நோக்கிப் போனது. அன்றும் வாசலில் காத்திருந்த வீரபத்திரன் ஓடிவந்து வாளியை ஓங்கினான். “இருப்பா,” என்றாள் தயாவதி.  வடிகட்டும் துணியைக் குடத்தில் நனைத்து, பிள்ளையின் முகத்துக்கும் பூசணத்துக்கும் நடுவே இருந்த அந்த ஒரு சாண் இடத்தில் போட்டாள். பூசணம் நின்றது, துணியின் பக்கம் திரும்பியது. அவள் துணியை இழுத்துக்கொண்டே பின்னால் நடந்தாள். முற்றம் தாண்டி, வாசல் தாண்டி, தெருக்கிணறுவரை நடந்து, நுனியை உள்ளே தொங்கவிட்டாள். பூசணம் இறங்கி நிழல்பக்கக் கல்லில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள் திரிசலா நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள். அதே நொடியில் கிணறும் இழுத்தது.

அதற்குப் பிறகு இரண்டு மூச்சும் ஒன்றாகவே நடந்தன. தண்ணீர் கெடவில்லை. கிணறு மூச்சு விட்டு முடித்ததும் வாளியை இறக்குவது பெண்களுக்குப் பழகிவிட்டது. மழைக்காலத்திலும் அந்தத் தெருவில் பகலில் ஜன்னல் சாத்துவதில்லை. 1979இல் திரிசலாவைத் திண்டிவனத்துப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாதம் ஒரு கடிதம் வரும். தயாவதி அதை நிதானமாகத்தான் பிரிப்பாள். தினம் காலையில் கிணற்றுக்குள் குனிந்து கேட்டு, மகள் நன்றாகத் தூங்கி எழுந்தாளா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் தண்ணீர் இறைப்பாள்.