கலப்பில்லாத வெள்ளை

மாக்டெல்ட் படத்தின் மேலிருந்த போர்வையை விலக்கியதும் லம்பெர்ட் முகம் சுளித்தார். ஹார்லெம் ஊருக்கு வெளியே, மணல்மேட்டை ஒட்டிய வெளுப்புத் தோட்டம் அவருடையது. லினன் துணிகள் அங்கே சாம்பல் கரைத்த காரநீரிலும் மோரிலும் ஊறி, புல்லில் விரிந்து கிடந்து வெளுக்கும். அந்த வெண்மையைப் பற்றி அவர் அடிக்காத தம்பட்டம் இல்லை.

"நான் கேட்டது என் தோட்டத்த. நீ முக்கால்வாசி மேகத்த வரைஞ்சு வச்சிருக்க. அதுகூடப் போவட்டும். என் துணி ஏம்மா இவ்ளோ அழுக்கா இருக்கு?"

"அழுக்கு இல்லீங்க, நெழல்."

"என் துணிக்கு நெழலெல்லாம் கெடையாது."

துணிமேல் சுத்தமான ஈய வெள்ளைச் சாயத்தைப் பூசித் தந்தால் முன்னறையில் மாட்டுவதாகவும், இல்லாவிட்டால் படத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றும் அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கூட வந்திருந்த அவள் கணவன் யோஸ்ட் ஓவியர் சங்கத்தில் உறுப்பினன். இதுவரை அவள் வரைந்த அத்தனையும் அவன் பெயரில்தான் போயின. லம்பெர்ட் இந்தப் படத்தை ஏற்றுக்கொண்டால் அவள் பெயரையே எழுதலாம் என்று இப்போதுதான் இறங்கி வந்திருந்தான். அவளை ஓரமாக அழைத்து, நாலு இழுப்பு வெள்ளைதானே, கை கூசினால் நானே இழுத்துவிடுகிறேன் என்றான்.

"நீங்க தொட்டா அது உங்க படம்" என்றாள் மாக்டெல்ட்.

கல்யாணத்துக்கு முன் மூன்று கோடை அவள் இதே புல்வெளியில் துணி விரித்தவள். கடைசி உலர்த்தலில் மழை பிடித்துச் சேறு தெறித்தால் துணி மறுபடி மோர்த்தொட்டிக்குப் போகும், ஒரு வார உழைப்பு பாழ். மேகம் கறுத்ததும் எல்லாரும் துணியை அள்ள ஓடுவார்களே, அந்தப் பயத்தைத்தான் வெள்ளையில் கரித்தூளும் மஞ்சள் மண்ணும் குழைத்து அவள் பூசியிருந்தாள்.

லம்பெர்ட் விடவில்லை. அவளை எல்லார் முன்னும் மட்டம் தட்டத் தானே படத்தைத் தூக்கிக்கொண்டு, வேலைக்காரப் பெண்கள் ரொட்டி தின்றுகொண்டிருந்த கொட்டகைக்குப் போனார். இது நம் துணியா என்று அவர்களைக் கேட்டார்.

இருபது வருஷமாக அங்கே வேலை செய்யும் ஹில்லெ படத்தையே பார்த்தாள். பாதி ரொட்டியைக் கீழே வைத்தாள். கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மழை வரப்போவுது, உக்காந்திருக்கீங்களே, துணிய யாரு எடுக்கறது?"

வாசல்வரை போய்விட்டாள். வெளியே பளிச்சென்று வெயில். துணிகள் கண் கூச வெளுத்துக் கிடந்தன. மற்றவர்கள் சிரிக்க, ஹில்லெ முகம் சிவந்து திரும்பி வந்தாள்.

லம்பெர்ட் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு, முன்னறையில் கணப்புக்கு மேலே ஆணி அடிக்கச் சொன்னார்.

மாக்டெல்டுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. அதை அவள் ஒளிக்கவும் இல்லை. மெல்லிய தூரிகையை எடுத்து, அவர் கேட்ட அதே சுத்த ஈய வெள்ளையைத் தொட்டு, புல்லின் இருண்ட மூலையில் தன் பெயரை முழுசாக எழுதினாள்.

"நீங்க கேட்ட வெள்ளை" என்றாள்.