வாசல் வரைக்கும் சோதனை ஓட்டம்

என் வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுத் தடம் எதுவானாலும் முதலில் சோதனை ஓட்டம் விடுவார்கள். பயணிகளுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கடைசி நிறுத்தம் வரை போய், நேரத்தைக் குறித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். மூன்று தடவையும் நேரம் ஒத்து வந்தால்தான் அட்டவணை. பணிமனைக்கு அது சரி. மனுஷர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

நாலு ஊர்களில் உள்ள அருங்காட்சியகங்களையும் ஓவியக் கண்காட்சிகளையும் பார்த்துவரத் திட்டம் போட்டோம். அவர், நான், அவருடைய அக்கா (எனக்கு அண்ணி), மூன்று பேர். முதல் ஊருக்குக் காலை ஆறு மணி ரயிலில் கிளம்பி, பதினொன்று நாற்பதுக்கு அருங்காட்சியக வாசலில் நின்றோம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நோட்டில் எழுதினார், திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

"என்னங்க, உள்ள போகலையா?"

"இது சோதனை ஓட்டம்மா. சோதனையில யாராவது பயணிய இறக்கி விடுவாங்களா?"

ரயில் எந்தக் காலத்தில் மூன்று தடவை ஒரே நேரத்துக்கு வந்திருக்கிறது? முதல் மூன்று ஊர்களுக்கும் போய்ப் போய்த் திரும்பினோம். எந்த வாசலுக்கு எத்தனை படி, எந்தக் காவலாளிக்கு மீசை என்று கேளுங்கள், சொல்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அண்ணியை இதற்கெல்லாம் அழைத்துப் போகவில்லை. அவருக்குப் பதில் மணல். அண்ணியின் எடை அறுபத்தாறு கிலோ. அவ்வளவையும் இழுக்க முடியாதென்று மூன்றில் ஒரு பங்கை, இருபத்திரண்டு கிலோவை, சக்கரப் பெட்டியில் அடைத்துக் கூட்டிப் போனோம். கூட்டிப் போனோம் என்று எனக்கே வாயில் வந்துவிட்டது, பாருங்கள்.

"என்னை விட்டுட்டு மண்ணைக் கூட்டிட்டுப் போறான். அதுக்கு ஜன்னலோர சீட்டு வேற!" என்று அண்ணி ஒரு வாரம் எங்கள் முகத்தில் விழிக்கவில்லை.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். நாலாவது ஊரைத்தான் பொறுக்க முடியவில்லை. அங்கே நடந்த கண்காட்சியில் இருந்த ஒரு படத்தைப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். குடம் இல்லை, குழந்தை இல்லை, துடைப்பம் இல்லை. நான் விடுதிச் சமையலறையில் ஒரு நாளைக்கு இருநூறு பேருக்குக் காய் நறுக்குகிறவள். ஒரு பொம்பளை சும்மா உட்கார்ந்திருக்க, அதை ஒருத்தர் மெனக்கெட்டு வரைந்திருக்கிறார் என்றால் அதை நேரில் பார்க்காமல் என் கட்டை வேகாது. கண்காட்சி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது.

அந்த ஞாயிறு நாலே காலுக்கு வாசலில் நின்றோம். ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

"பதினெட்டு நிமிஷம் லேட்டு. இது செல்லாது. அடுத்த மாசம் மறுபடி வரணும்" என்றார்.

"அடுத்த மாசம் படமே இருக்காதுங்க."

"படம் இல்லாட்டி என்ன? தடம் இருக்கும்ல!"

பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"ஏய், எங்க போற? பயணி இறங்கக் கூடாது!" என்று கத்திக்கொண்டு அவர் பெட்டியோடு பின்னால் ஓடிவந்தார். காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

"பெட்டிய உள்ள விட மாட்டோம் சார்."

"இது பெட்டி இல்லீங்க. எங்க அக்கா."

காவலாளி பெட்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், இரண்டு அடி பின்வாங்கி விசிலை ஊதினார்.

"முழு அக்கா இல்லீங்க, மூணுல ஒரு பங்குதான்" என்று அவர் விளக்குவது காதில் விழுந்தது. இன்னும் நாலு காவலாளிகள் என்னைத் தாண்டி வாசலுக்கு ஓடினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது அறையில் அவள் இருந்தாள். கிட்டே போனேன். பத்திரிகைக்காரர்கள் படத்தின் அடிப்பாகத்தை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார்கள். அவள் மடியில் ஒரு கூடை பீன்ஸ். பாதிகூட நார் உரித்து முடியவில்லை.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இவளுக்குமா? உன்னையும் விடவில்லையா, தாயே?

எதிரே ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. சாத்துவதற்கு இன்னும் அரை மணி நேரம். பையைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்கும் சேர்த்து நான் சும்மா உட்கார்ந்தேன்.