நான்கு நல்ல துடிப்புகள்

சுப்ராப்தியின் இதயத்தில் ஒரு உலோக வால்வு இருக்கிறது. பழைய மாதிரி, ஒற்றைத் தட்டு. அமைதியான அறையில் அதன் சத்தம் வெளியே கேட்கும்.

"இப்பல்லாம் நடுவுல சத்தம் நின்னு போகுது, டாக்டரம்மா. உடனே கண்ணு இருட்டுது," என்றாள்.

"கல்யாணம் ஆனதுலேருந்து இவ வாய் நின்னதில்ல," என்றார் கணவர் தர்முஜி. "நெஞ்சாவது நிக்குதேன்னு நினைச்சேன்."

"பயத்துல உளறுறாரு, டாக்டர். நீங்க கண்டுக்காதீங்க."

ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் போடவேண்டிய மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். அவள் கணவரைப் பார்க்காமல் சொன்னாள்: "நோன்பு மாசம்... ராத்திரித் தொழுகை முடிஞ்சு வந்தா அப்படியே படுத்துடுவேன். சில நாள் விட்டுப்போச்சு."

தர்முஜியை வெளியே அனுப்பிவிட்டு, அவளுக்கு மயக்கம் கொடுத்து, இதயத்தைப் படமெடுக்கும் குழாயைத் தொண்டை வழியே இறக்கினேன். திரையில் வால்வு முப்பரிமாணத்தில் எழுந்தது. தையல் போட்ட வளையம், நடுவில் தட்டு. சாய்ந்து திறந்தது, மூடியது. ரத்தக்கட்டு எதுவும் இல்லை. அழகான படம் என் பயத்தை அடக்கிவிடும். அப்படி அடங்குவது எனக்குப் பிடிக்கும். அறிக்கையின் முதல் வாக்கியம்கூட மனதில் ஓடத் தொடங்கிவிட்டது.

"புத்தக அட்டையில போடலாம் போல இருக்கு," என்றாள் உதவியாளர் எண்டாங். "குழாய எடுத்துடலாமா டாக்டர்? வெளிய இன்னும் நாலு பேரு காத்திருக்காங்க, போனா என்னையே முறைப்பாங்க."

டிக். டிக். டிக்.

பிறகு ஒன்றுமில்லை. இதயத்தின் மின்கோடு தவறாமல் எழுந்து இறங்கியது. திரையில் தட்டு அழகாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

டிக்.

நான்கு துடிப்புகளின் துண்டுகளை ஒட்டித்தான் கருவி அந்தத் தெளிவைத் தருகிறது. பிறகு அவற்றையே திருப்பித் திருப்பிக் காட்டுகிறது. எனக்குக் கிடைத்தவை நான்கும் நல்ல துடிப்புகள். நான் பார்த்துக்கொண்டிருந்தது முடிந்துபோன ஒன்றை.

"ஒட்ட வேண்டாம். நேரடியா வை."

"புள்ளி புள்ளியா வருமே, டாக்டர்."

"வரட்டும்."

மங்கலான படம் வந்தது. தட்டு திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. பிறகு மூடியபடியே இருந்தது. அதன் விளிம்பில் ஏதோ மெத்தென்று ஒட்டிக்கொண்டு லேசாக நடுங்கியது. அடுத்த துடிப்பில் தட்டு திறந்தபோது அது தட்டுக்கு அடியில் மறைந்தது.

"அறுவை அறைக்குப் போன் போடு."

"இப்ப சாப்பாட்டு நேரம், அவங்க..."

"எண்டாங்!"

அவள் போனை எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கதவுக்கு வெளியே தர்முஜி யாரிடமோ எதையோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

மின்கோடு எழுந்தது. தட்டு அசையவில்லை. மறுபடி எழுந்தது. அசையவில்லை. சுப்ராப்தியின் உதடுகள் வெளுத்துக்கொண்டிருந்தன. குழாயைப் பிடித்திருந்த கையை எடுக்க எனக்குத் துணிவில்லை. நான் பார்ப்பதை நிறுத்தினால் இதயமும் நின்றுவிடும் என்பதுபோல.

மூன்றாவது துடிப்புக்குத் தட்டு பாதி திறந்து, அப்படியே நின்றது.